கத்திக்கு முன் கதை

அறுவைக்கு முன் நோயாளியின் அச்சம் தணியக் கலைகளைத் துணைகொள்வதை மேலைநாட்டுப் புதுமை என்றே நாம் கருதிவருகிறோம். சரக சம்கிதையோ, வாந்தி, பேதி சிகிச்சைகளுக்கு முன்பே மருத்துவ இல்லத்தில் அமர்த்தப்பட வேண்டியவர்களுள் பாடுவோரையும் இசைக்கருவி வாசிப்போரையும் கதை சொல்வோரையும் சேர்த்துவிடுகிறது.

நம் பக்கம் நடைமுறை எவ்வாறு இருந்தது? ஆரணியின் கமண்டல நாகநதி செய்யாற்றில் கலக்கிறது. அச்செய்யாறு பாலாற்றோடு கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ‘வீரசோழன்’ ஆதுலர்சாலையைப் பேசுகிறது. மருத்துவர், அறுவை செய்வோர், மூலிகை கொணர்வோர், பணிப்பெண்கள், நாவிதர் என அதன் பணியாளரை வரிசைப்படுத்துகிறது. அவ்வரிசையில் பாடுநர் இல்லை. நூல் வகுத்ததைக் கணக்கு விட்டுவிட்டது.

இன்றும் நாம் அந்தக் கணக்கையே தொடர்கிறோம். பட்டில் வண்ணம் கோத்த ஆரணிக் கைகள், அறுவைக்கூட வாயிலில் மட்டும் வெறுமையாய் நடுங்கிக் காத்திருக்க வேண்டுமா?