மான் இந்தப் பக்கம் வந்ததா?

நெய்வேலி டவுன்ஷிப்பில் முகவரி எல்லாம் நம்பர்தான். இத்தனையாவது வட்டம், இன்ன தெரு, இன்ன வீடு. அந்த நம்பர்களுக்கு நடுவே பழைய பெயரோடு நிற்கிற இடம் வில்லுடையான்பட்டு. பங்குனி உத்திரத்துக்குக் காவடிகள் வந்து சேருகிற முருகன் கோயில் அங்கேதான் இருக்கு. அந்த ஊர்ப் பெயர் எப்படி வந்தது என்பது தனிக் கதை. ஆனால் முருகனையும் வில்லையும் சேர்த்துச் சொன்னாலே நமக்கு நினைவுக்கு வருவது வள்ளி கதை. வேலை வைத்துவிட்டு வில்லோடு வேடனாக வருகிறவர், தினைப்புனத்துப் பரணில் நிற்கும் பெண்ணிடம் கேட்கிற கேள்வியும் நமக்குத் தெரியும்: மான் இந்தப் பக்கம் வந்ததா?

சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் இந்த மான் பேச்சே விடிய விடிய தர்க்கமாக நீளும். கேள்வி அதைவிட ரொம்பப் பழசு. தொல்காப்பியத்தில், தோழியிடம் குறை சொல்ல வரும் தலைவன் ஊரைக் கேட்பான், பேரைக் கேட்பான், ‘கெடுதி’யைக் கேட்பான். கெடுதின்னா இங்கே காணாமல் போன பொருள், அதாவது தப்பிப் போன வேட்டை விலங்கு. திருக்கோவையாரில் ‘கலைமான் வினாதல்’ என்று ஒரு துறையே உண்டு. இதெல்லாம் பேச்சுக் கொடுக்க ஒரு சாக்குன்னு சொல்வாங்க. சாக்குதான். ஆனால் கேட்பவர் நம்பினால்தானே சாக்கு எடுபடும்? அப்படி ஒரு மான் நிஜமாகவே காணாமல் போகக்கூடும் என்பது மலைநாட்டுப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கணும்.

இதைப் புரிந்துகொள்ள அம்பு எப்படிக் கொல்கிறது என்று பார்க்கணும். துப்பாக்கிக் குண்டுக்கு இருக்கிற அதிர்ச்சி அம்புக்குக் கிடையாது. அது ரத்தக்குழாயையும் நுரையீரலையும் அறுக்கும், ரத்தம் போய்த்தான் விலங்கு சாகும். நெஞ்சில் சரியாகத் தைத்தாலும் மான் உடனே விழுவதில்லை, பாய்ந்து ஓடி மறைந்துவிடும். அமெரிக்காவில் இன்றும் மரத்தில் மேடை கட்டி, வில்லோடு மானுக்குக் காத்திருக்கிறார்கள். மான் அண்ணாந்து பார்ப்பது குறைவு, மனித வாடையும் பெரும்பாலும் அதன் தலைக்கு மேலேயே போய்விடும். அதனால் இருபது முப்பது அடி தூரத்துக்கே வந்துவிடும். இவ்வளவு கிட்டத்தில் எய்வது சுலபம்னுதான் தோணும். உண்மையில் மான் நேர் கீழே நின்றால் மேலிருந்து தெரிவது முதுகும் முதுகெலும்பும்தான். அம்பு ஒரு நுரையீரலை மட்டும் கிழித்து உள்ளேயே நின்றுவிடலாம். கீழ்ப்பக்கம் துளைத்து வெளியே வராவிட்டால் தரையில் ரத்தம் சிந்தாது, போன தடமும் தெரியாது. அதனால் கொஞ்சம் தள்ளிப் பக்கவாட்டில் நிற்கும்வரை பொறுப்பார்கள். எய்த பிறகும் உடனே இறங்கித் துரத்த மாட்டார்கள். அரைமணி நேரமாவது காத்திருந்து ரத்தத் தடத்தைப் பிடித்துப் போவார்கள்.

நம்ம ஊர்ப் பரணின் வேலை வேறு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் அது மரத்தின்மேல் கட்டியது, புலியும் கிட்ட வர அஞ்சுவது. அங்கே அதற்கு இதணம் என்று பெயர், கட்டியவன் சேணோன். சேண் என்றால் உயரம். அதில் ஏறிய பெண்கள் கையில் வில் இல்லை. தழல், தட்டை, குளிர் என்று கிளி ஓட்டும் கருவிகள்தான் இருக்கு. அவர்கள் இறங்கி அருவியில் குளித்து, பூப்பறித்து, அசோக மர நிழலில் இருக்கும்போது தலைவன் நாய்களோடு தரையில் நடந்து வருகிறான். வந்தவன் கேட்பது தப்பிப்போன விலங்கைத்தான். பெண்கள் பதில் சொல்வதில்லை. கொஞ்ச நேரத்தில் மதம் கொண்ட யானை ஒன்று அவர்கள் பக்கம் வருகிறது. அதன் முகத்தில் அவன் அம்பு எய்கிறான். ரத்தம் வழிகிறது, ஆனாலும் யானை செத்து விழவில்லை. திரும்பி ஓடுகிறது, அவ்வளவுதான். அம்பால் என்ன முடியும், என்ன முடியாது என்று கபிலர் சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறார்.

ஒரே மரமேடை, இரண்டு பயன். அங்கே மிருகத்தைக் கிட்டே வரவழைக்க, இங்கே விளைச்சலை விட்டு விரட்ட. வேட்டை நம் முன்னோருக்கும் உண்டு, மானை எய்தார்கள், தின்றார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வேடனைப் பற்றிச் சொல்லவந்த இலக்கணம், குறி தப்பாமல் அடித்த வெற்றியை இந்த இடத்தில் பேசவில்லை. எய்த பிறகு மிருகம் எங்கே போச்சு என்று தேடி அலைவதைத்தான் பேசுது. எங்கோ புதருக்குள் அம்போடு துடிக்கிற உயிர் ஒன்று இருக்கிறது, அதைத் தேடுவது எய்தவன் பொறுப்பு என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருப்பதாகவே நான் படிக்கிறேன்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று இந்தியாவில் மான் வேட்டை குற்றம். வில் நாடக மேடைக்கும் சாமி கைக்கும் போய்விட்டது. பரண் மட்டும் மலையடிவாரக் கொல்லைகளில் இன்னும் நிக்குது. அங்கே ராத்திரி விழித்திருப்பவருக்கும் மான் இந்தப் பக்கம் வந்ததா என்பதுதான் கேள்வி. வரவில்லை என்றால் அவருக்கு நிம்மதி.