ஹரம் எல்லைக் கற்களும் வேட்டைக்காரரின் பொறுப்பும்

காட்டு விலங்குக்கு உரிமையாளர் இல்லை. அதை முறைப்படி பிடித்தவரே அதற்கு உரியவர் என்பது இஸ்லாமியச் சட்டவியலின் பொதுவிதி. ஆயினும், அவ்விலங்கு எந்த மண்ணில் நிற்கின்றது என்னும் வினா இவ்விதியை முந்திக்கொள்ளும் நிலப்பரப்பு ஒன்றுண்டு. அதுவே மக்காவைச் சூழ்ந்துள்ள ஹரம். இஹ்ராம் அணிந்தவர், அணியாதவர் என்ற வேறுபாடின்றி அங்கே எவருக்கும் வேட்டை விலக்கப்பட்டுள்ளது. எல்லைக்கு வெளியிலுள்ள 'ஹில்' நிலத்திலோ, இஹ்ராமில் இல்லாதவர் தடையின்றி வேட்டையாடலாம். ஒரே மலைச்சரிவில் மேயும் ஒரே மான், சில அடிகள் நகர்ந்தால் ஆகுமானதிலிருந்து விலக்கப்பட்டதாகிவிடும்.

அந்தச் சில அடிகளை ஊகத்தால் அறிய இயலாது. ஹரம், கஅபாவை மையமாகக் கொண்டு வரைந்த வட்டமன்று. இமாம் நவவீ தரும் அளவுகளின்படி, மதீனா வழியில் தன்ஈம் பக்கம் எல்லை 3 மைல். யமன் வழியில் 7 மைல். ஜிஃரானா பக்கம் 9 மைல். ஜித்தா வழியில் 10 மைல். இடையிலோ குன்றுகளும் கணவாய்களும். ஆகவே, எல்லையைக் கண்ணுக்குப் புலப்படுத்தும் கற்கள் இன்றியமையாதவை ஆயின. இவற்றை 'அன்ஸாபுல் ஹரம்' என்பர்.

இக்கற்களை முதலில் நட்டவர் இப்ராஹீம் (அலை) அவர்கள் என்பது வழிவழிச் செய்தி. ஹிஜ்ரி 8 (கி.பி. 630)இல் மக்கா வெற்றியின்போது, அவற்றைப் புதுப்பிக்கும் பணியை நபி (ஸல்) அவர்கள் தமீம் இப்னு அஸத் அல்-குஸாஈ என்பவரிடம் ஒப்படைத்தார்கள். ஹிஜ்ரி 17இல் உமர் (ரலி) அவர்கள், மலைப்பகுதிகளை நன்கறிந்த குறைஷியர் நால்வரை இப்பணிக்கு அனுப்பியதாகத் தபரீ பதிவு செய்கின்றார். ஹிஜ்ரி 26இல் உஸ்மான் (ரலி) அவர்களும் புதுப்பிக்க ஆணையிட்டார்கள். முஆவியா (ரலி) அவர்களின் காலத்தில் எல்லையைக் காட்டித் தந்தவர் குர்ஸ் இப்னு அல்கமா. ஹிஜ்ரத்தின்போது குறைஷியருக்காக நபியவர்களின் காலடித் தடத்தைப் பின்தொடர்ந்தவரும் இவரே என்பது இப்னு ஸஅத் தரும் குறிப்பு. தடம் அறியும் கண்ணே எல்லை அறியவும் பயன்பட்டது.

ஆட்சிகள் இதில் இத்துணை அக்கறை காட்டியதன் காரணம் ஃபிக்ஹ் நூல்களில் விளங்கும். நிற்கும் விலங்கின் கால்கள் எங்கே உள்ளன என்பதே கணக்கு என்றனர் ஹனஃபீ அறிஞர்கள். ஒரு கால் ஹரமுக்குள் இருந்தாலும் அது ஹரமின் விலங்கே. வேர் வெளியிலும் கிளை உள்ளேயும் உள்ள மரத்தில் பறவை அமர்ந்திருந்தால், அது அமர்ந்த கிளையின் இடமே பார்க்கப்படும். வெளியில் நின்று, வெளியிலுள்ள விலங்கின் மீது எய்த அம்பு இடையில் ஹரமைக் கடந்து சென்றால், அதற்கும் ஈடு உண்டு என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. கற்கள் நிலத்தில் நிற்பினும் எல்லை வானிலும் தொடர்கின்றது.

அறியாது எல்லை மீறியவர் நிலை என்ன? அவர்மீது பாவம் இல்லை. ஆனால் ஈடு செலுத்தும் கடமை நீங்காது என்பது பெரும்பான்மையோர் முடிவு. தவறுதலாகப் பிறர் பொருளை அழித்தவர் இழப்பீடு தருவது போன்றதே இது. அறியாமைக்கும் விலை உண்டென்று சட்டம் கூறுமாயின், அறிவதற்கான வழியைத் திறந்து வைப்பது ஆட்சியின் கடனாகின்றது. கற்களைப் புதுப்பித்த கலீஃபாக்களின் செயல் வெறும் கட்டுமானப் பணியன்று. குடிமக்கள் மீது பொறுப்பைச் சுமத்துமுன் ஆட்சி நிறைவேற்றிய நீதி எனலாம்.

பொது நிலத்தில் கால் வைப்பவர் எல்லையைக் கேட்டறிந்து செல்லவேண்டும். நிலத்தைக் காப்பவர் அதைக் காணுமாறு நாட்டிவைக்கவேண்டும். இவ்விரண்டில் ஒன்று தவறினும் தண்டம் செலுத்துபவர் வேட்டைக்காரர்; உயிரை இழப்பதோ, எல்லை அறியாத மான்.