புயவலிமை தரும் பொறிகள்

சென்ற ஆண்டு ஒரு மாலை. ஆய்வகம் முடிந்து எல்லாரும் போன பிறகு, இரண்டாமாண்டு இயற்பியல் மாணவர் ஒருவர் மட்டும் தயங்கி நின்றார். பிறகு பையிலிருந்து ஒரு கருவியை எடுத்து என் மேசைமேல் வைத்தார். பார்ப்பதற்கு டம்பெல் போலிருந்தது. நடுவில் கைப்பிடி, இரு முனைகளிலும் குண்டு. குண்டுக்கும் கைப்பிடிக்கும் இடையே சுருள்வில், அதாவது ஸ்பிரிங். பிடித்து ஆட்டினால் குண்டுகள் கிடுகிடுவென்று முன்னும் பின்னும் அதிர்ந்தன.

"தினம் ஆறு நிமிடம் போதும் என்று போட்டிருக்கிறது, சார். மூன்று மாதமாக ஆட்டுகிறேன். கயிறு மட்டும் ஏற முடியவில்லை" என்றார்.

அவர் சொன்னது காவலர் தேர்வில் வரும் கயிறு ஏறுதலை. விடுமுறை நாட்களில் கல்யாணப் பந்திகளில் பரிமாறும் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில், பெயர் தெரியாத இந்த நகல் கருவியை வாங்கியிருந்தார். அவரை ஏமாளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் தந்தையார் இளமையில் வாங்கிய ஐந்து சுருள்வில் மார்புக் கருவி, நான் பள்ளியில் படிக்கும்போது எங்கள் வீட்டு ஆணியில் துருவேறித் தொங்கிக்கொண்டிருந்தது. அதை முழுதாக இழுத்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

வாசகரே, உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று கிடக்கலாம். இவை கையை உண்மையிலேயே திரட்டுமா? இக்கேள்விக்கு விடை காண, இக்கருவிகள் பிறந்து வந்த வழியைச் சிறிது பார்ப்பது நல்லது. ஒவ்வொரு கருவியும் தன் காலத்து அறிவியலிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டு சந்தைக்கு வந்திருக்கிறது. முழுப்பொய்யை யாரும் விற்கவில்லை. அரை உண்மையைத்தான் விற்றார்கள்.

முதலில் நம் கர்லாக்கட்டையையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் படைவீரரும் பயில்வான்களும் கட்டை சுழற்றுவதை ஆங்கிலேய இராணுவத்தினர் கண்டு வியந்து, தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றனர். 1830-களிலேயே இங்கிலாந்தின் உடற்பயிற்சி நூல்களில் 'இந்தியக் கட்டை' இடம்பெற்றுவிட்டது. 1860-களில் சிம் கெஹோ என்பவர் நியூயார்க்கில் அதைச் செய்து விற்றார். 1904, 1932 ஒலிம்பிக் போட்டிகளில் கட்டை சுழற்றுவது ஒரு போட்டியாகவே இருந்தது. ஆனால் பயணத்தின் நடுவே கட்டை மெலிந்துவிட்டது. நம் பயில்வான்களின் கட்டை, தோளையே பிடுங்கும் கனமுடையது. மேல்நாட்டு வரவேற்பறைக்குப் போன கட்டையோ அழகான சிறு மரப்பொருளாகிவிட்டது. வீட்டுக்குள் வந்ததும் எடை குறைவது இக்கருவிகளின் வரலாற்றில் திரும்பத் திரும்ப நடக்கிறது.

அதே 1860-களில் ஸ்டாக்ஹோம் நகரில் குஸ்தாவ் சாண்டர் என்ற மருத்துவர் நெம்புகோல்களைக் கொண்டு உடற்பயிற்சி இயந்திரங்களை அமைத்தார். நெம்புகோலில் எடையைத் தள்ளி வைத்தால் திருப்புத்திறன் கூடும், அருகில் வைத்தால் குறையும் என்பதை நீங்கள் பள்ளியிலேயே படித்திருக்கிறீர்கள். நோயாளியின் வலிமைக்கேற்பச் சுமையைக் கூட்டிக் குறைக்க அவர் இந்த எளிய விதியையே பயன்படுத்தினார். நல்ல கருத்துத்தான், ஆனால் அந்த இயந்திரங்கள் வீட்டில் வைக்கக்கூடியவை அல்ல.

வீட்டுக்கு வழிகண்டவர் யூஜின் சாண்டோ. 1867-இல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க் நகரில் பிறந்த இவர், பெரும் எடைகளைத் தூக்கிக் காட்டி உலகப் புகழ் பெற்றார். 1901-இல் இலண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் இவர் நடத்திய உடலழகுப் போட்டிக்கு, ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில் நடுவர்களுள் ஒருவர். 1904-05-இல் இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்தார். அவர் பெயர் நம்மிடம் ஒரு பட்டமாகவே தங்கிவிட்டது. திரைப்படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரை நினைத்துப் பாருங்கள்.

சாண்டோ விற்ற கருவிகளுள் ஒன்று சுருள்வில் டம்பெல். டம்பெல்லை நெடுக்காக இரு பாதியாகப் பிளந்து, இடையே சுருள்வில்களை வைத்திருப்பார்கள். பாதிகள் ஒட்டும்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டே கையை மடக்கி நீட்ட வேண்டும். இங்கே சற்று நின்று யோசியுங்கள். இறுக்கும் விசையைத் தருவது எது? விரல்களும் அவற்றை இயக்கும் முன்கைத் தசைகளும். மேல்கையில் திரண்டு நிற்கும் இருதலைத் தசைக்கு இந்தச் சுருள்வில்லால் கூடுதல் சுமை ஏதுமில்லை. அது தூக்குவது கருவியின் சிறு எடையைத்தான். பிடி வலுப்படும் என்பது உண்மை. விளம்பரப் படத்தில் இருந்ததோ சாண்டோவின் புயம். அந்தப் புயம் கனத்த இரும்பைத் தூக்கி வந்தது.

அடுத்து வந்த சார்லஸ் அட்லஸ் கருவியே வேண்டாம் என்றார். 1920-களில் அமெரிக்காவில் தொடங்கிய அவருடைய அஞ்சல்வழிப் பாடங்களில் பெரும்பகுதி, ஒரு தசையை மற்றொரு தசைக்கு எதிராக நிறுத்துவது. இரு உள்ளங்கைகளையும் சேர்த்து ஒன்றை ஒன்று தள்ளுங்கள், புரியும்.

இம்முறைக்கு அறிவியல் முத்திரை கிடைத்தது 1953-இல். மேற்கு ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில், மாக்ஸ் பிளாங்க் உழைப்பு உடலியல் நிலையத்தில் ஹெட்டிங்கர், முல்லர் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தசையின் உச்ச விசையில் மூன்றில் இரண்டு பங்கை, நாளுக்கு ஒருமுறை, 6 வினாடி மட்டும் அசையாமல் செலுத்தினால் போதும், வலிமை வாரத்துக்கு ஏறத்தாழ 5 விழுக்காடு கூடும் என்றனர். ஆறே வினாடி! வியாபாரிகளுக்கு இதைவிட இனிய செய்தி வேறென்ன வேண்டும்? பின்னர் நடந்த ஆய்வுகளில் வளர்ச்சி இவ்வளவு விரைவாக இல்லை. அசையாமல் தள்ளும்போது மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறதோ, பெரும்பாலும் அக்கோணத்தின் அருகில்தான் வலிமை கூடுகிறது என்பதும் தெரிந்தது. ஆனால் அதற்குள் சந்தை ஓடத் தொடங்கிவிட்டது.

1960-களின் தொடக்கத்தில் ஜெர்மானியரான கெர்ட் கோல்பெல் 'புல்வொர்க்கர்' என்ற கருவியை அமைத்தார். ஒன்றினுள் ஒன்று நுழையும் குழாய், உள்ளே வலுவான சுருள்வில், இருபுறமும் இழுக்கக் கம்பிவடம். 1970-களில் இந்தியப் பத்திரிகைகளிலும் இதன் விளம்பரம் வந்தது. என்னைக் கேட்டால், இவ்வகைக் கருவிகளில் ஓரளவு நேர்மையானது இதுவே. காரணம், இதில் ஓர் அளவுகோல் உண்டு. எவ்வளவு அழுத்தினீர்கள் என்பதை அது காட்டிவிடும். சென்ற மாதத்தைவிட இம்மாதம் கூடியதா என்று நீங்களே பார்க்கலாம். அளவுகோல் இல்லாத கருவியில் நம்பிக்கையைத் தவிர வேறு சான்று இல்லை.

இதே காலத்தில் அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மேரிலாந்து மருத்துவர் ஜான் சீக்லர், அசையாத கம்பியைத் தள்ளும் பயிற்சியைப் பளுதூக்கும் வீரர்களான பில் மார்ச், லூ ரீக்கி இருவருக்கும் அளித்தார். இருவரும் மளமளவென்று முன்னேறினர். பாப் ஹாஃப்மன் என்பவர் தம் உடற்பயிற்சி இதழில் இதைப் போற்றி எழுதி, அப்பயிற்சிக்கான சட்டங்களை விற்றார். வாங்கிய இளைஞர்கள் தள்ளித் தள்ளிப் பார்த்தனர். அந்த முன்னேற்றம் அவர்களுக்கு வரவில்லை. வீரர்கள் இருவரும் டயனபால் என்ற மாத்திரையையும் உட்கொண்டுவந்தது பின்னர்தான் வெளியே தெரிந்தது. 1958-இல் சந்தைக்கு வந்த, ஆண் இயக்குநீரைப் போன்று செயற்கையாகச் செய்யப்பட்ட மருந்து அது. சோதனையில் ஒரே நேரத்தில் இரு காரணிகளை மாற்றினால் விளைவு எதனால் வந்தது என்று சொல்ல முடியாது என்று நாங்கள் வகுப்பில் ஓயாமல் சொல்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

உழைக்காமலே உடல் இளைக்கும் என்று மின்துடிப்பைத் தோலில் பாய்ச்சிய 'ரிலாக்சசைசர்' என்ற கருவியும் உண்டு. 1949 முதல் ஏறத்தாழ 4,00,000 கருவிகள் விற்ற பின், 1970-இல் அமெரிக்க நீதிமன்றம் அது தீங்கானது என்று தடுத்தது.

இனி நம் மாணவரின் கருவிக்கு வருவோம். அதன் மூலம் 2009-இல் அமெரிக்காவில் வந்த 'ஷேக் வெயிட்'. பெண்களுக்கென முதலில் வந்தது 2.5 பவுண்டு, அதாவது சுமார் 1.1 கிலோகிராம். ஆண்களுக்கானது அதைப் போல் இருமடங்கு. இம்முறை விளம்பரம் துணைக்கு அழைத்தது நிலைமத்தை. பொருளின் இயக்கத்தை மாற்ற விசை வேண்டும் என்பது நியூட்டன் சொன்னதுதானே?

மாணவரும் நானும் அளந்தே பார்த்தோம். தராசில் அவருடைய கருவி 1.1 கிலோகிராம். அவர் ஆட்ட ஆட்ட நான் எண்ணினேன். 20 வினாடியில் 80 அலைவுகள், ஆக வினாடிக்கு 4. வீச்சு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். சீரிசை இயக்கத்தில் உச்ச முடுக்கம், கோண அதிர்வெண்ணின் இருமடியை வீச்சால் பெருக்கக் கிடைக்கும். கோண அதிர்வெண் 25, இருமடி சுமார் 630, அதை 0.03-ஆல் பெருக்கினால் 19. நிறை முழுதும் ஆடுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் விசை 21 நியூட்டன். அது இரண்டு கிலோகிராம் சற்று மேற்பட்ட எடைக்குச் சமம், அதுவும் ஒவ்வொரு அலைவிலும் உச்சத்தைத் தொடும் கணத்தில் மட்டும். ஆகவே, ஆட்டுவதால் சுமை கூடுகிறது என்ற விளம்பரம் பொய்யன்று. ஆனால் ஒரு குடம் தண்ணீர் ஏறத்தாழ 15 கிலோகிராம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. மாணவரின் அம்மா தெருக்குழாயிலிருந்து அதை இடுப்பில் சுமந்து வருகிறவர்.

"ஆனால் கைச்சதை குறைந்து முறுக்கேறும் என்கிறார்களே?" என்று நீங்கள் கேட்கலாம். மருத்துவத்தில் தசை முறுக்கு என்பது ஓய்வில் இருக்கும்போதும் தசையில் நிற்கும் சிறு இழுவிசை. நரம்புகள் காப்பது அது. விற்பவர் சொல்லும் முறுக்கு வேறு. தசை சற்றுத் திரண்டு, மேலுள்ள கொழுப்பு சற்று மெலிவதைத்தான் அவர் குறிப்பிடுகிறார். முதலாவது நடக்கக்கூடியது. இரண்டாவது அந்த இடத்தில் மட்டும் நடப்பதில்லை.

1971-இல் கலிஃபோர்னியாவில் கிராண்ட் குவினப் என்ற மருத்துவரும் துணைவர்களும் டென்னிஸ் வீரர்களின் கைகளை அளந்தனர். ஆண்டுக்கணக்கில் மட்டை சுழற்றிய கை மறு கையைவிடப் பருத்திருந்தது. ஆனால் தோலுக்கடியில் கொழுப்பின் தடிமன் இரு கையிலும் ஒன்றுபோலவே இருந்தது! கொழுப்பு கரைந்து கொழுப்பு அமிலமாக இரத்தத்தில் கலந்த பிறகே தசைக்குப் போகிறது. மேலே இருக்கும் கொழுப்பிலிருந்து கீழே இருக்கும் தசைக்குத் தனிக்குழாய் கிடையாது. உங்கள் வீட்டுக் குழாயைத் திறந்தால் ஊர்த் தொட்டியில் உங்கள் தெருப் பக்கத்து மூலை மட்டுமா வற்றுகிறது?

2007-இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் சுவையானது. 104 பேர் 12 வாரம், தாம் அதிகம் பயன்படுத்தாத கைக்கு மட்டும் எடைப் பயிற்சி செய்தனர். தோலை மடித்து இடுக்கியால் அளந்தபோது, ஆண்களுக்கு அந்தக் கையில் மட்டும் கொழுப்பு குறைந்ததாகத் தோன்றியது. காந்த ஒத்ததிர்வுப் படம் எடுத்தபோது அப்படி ஏதுமில்லை. இடுக்கி காட்டியதை மட்டும் கண்டிருந்தால், கருவி விற்பவர்களுக்கு எவ்வளவு வசதியாகப் போயிருக்கும்!

சரி, தசை திரள என்ன வேண்டும்? இரண்டாம் உலகப் போரின் இறுதியில், சிகாகோவின் இராணுவ மருத்துவமனையில் தாமஸ் டிலார்ம் என்ற மருத்துவர், முழங்கால் அடிபட்ட வீரர்களுக்கு ஏறிக்கொண்டே போகும் எடைகளைத் தூக்கக் கொடுத்தார். அவர் 1945-இல் எழுதிய முறையில் உயிரான கருத்து, தசை பழகப் பழகச் சுமையும் வளர வேண்டும் என்பதே. இதில் ஒரு திருத்தமும் உண்டு. 2012-இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் வெளிவந்த ஆய்வில், தூக்க முடிந்த உச்ச எடையில் 30 விழுக்காட்டைக் கால்கள் இனி முடியாது என்று ஓயும்வரை தூக்கியவர்களுக்கும், 80 விழுக்காட்டைத் தூக்கியவர்களுக்கும் தொடைத் தசை ஏறத்தாழ ஒரே அளவு திரண்டது. எனவே, சுமை சிறிது என்பதால் மட்டும் கருவியை ஒதுக்கிவிட முடியாது. ஓயும்வரை செய்கிறோமா என்பதே கேள்வி. ஆறு நிமிடம் முடிந்ததும் நம் மாணவருக்கு மூச்சுகூட வாங்கவில்லை. மூன்று மாதத்தில் அவர் கை அந்த 21 நியூட்டனுக்குப் பழகிவிட்டது. கருவியோ வளரவில்லை.

கயிற்றில் அவர் தூக்க வேண்டியது தம் 58 கிலோகிராம் உடலை, அதாவது சுமார் 570 நியூட்டனை. எண்ணைக் கரும்பலகையில் எழுதியதும் அவரே சிரித்துவிட்டார். மறுநாள் எங்கள் உடற்கல்வி இயக்குநரிடம் அழைத்துப் போனேன். மைதானத்து வேப்பமரத்தில் கயிறு கட்டி, முதலில் தரையில் கால் ஊன்றியபடியே இழுக்கவும், வாரந்தோறும் காலின் உதவியைக் குறைக்கவும் அவர் பழக்கினார். இப்போது மாணவர் நான்கு மீட்டர் ஏறுகிறார். அடுத்த தேர்வு அறிவிப்பை எதிர்பார்த்திருக்கிறார்.

கருவியை என்னிடமே விட்டுவிட்டார். திணிப்பு அதிர்வு பாடம் நடத்தும்போது முதலாண்டு மாணவரிடம் அதைக் கொடுத்து மெல்ல மெல்ல வேகத்தைக் கூட்டச் சொல்கிறேன். ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் குண்டுகள் திடீரென்று துள்ளும்போது, ஒத்ததிர்வு வகுப்பின் கடைசி பெஞ்சு வரை தெரிகிறது.