பாட்டுப் பெட்டிகளும் அவற்றின் சாயல்களும்

அரபு மொழியில் 'தக்லீத்' என்று ஒரு சொல் உண்டு. கழுத்தணியைக் குறிக்கும் 'கிலாதா' என்னும் சொல்லும் அதுவும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. மற்றொருவரின் வழியைத் தன் கழுத்தில் மாலையாக அணிந்து பின்தொடர்வது என்பது அதன் உட்பொருள். 'கிஷ்' என்று வேறொரு சொல்லும் உண்டு. விற்கும் பொருளின் குறையை மறைத்து வாங்குவோரை ஏமாற்றுவது அது. முன்னது பின்பற்றுதல், பின்னது மோசடி. இவ்விரண்டுக்கும் இடையே எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதை அறிய விரும்புவோர்க்கு அமெரிக்கப் பாட்டுப் பெட்டிகளின் வரலாறு நல்லதொரு பாடமாகும்.

தாமஸ் ஆல்வா எடிசன் 1877-இல் குரலை உருளையில் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்தார். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எமில் பெர்லினர், வட்டத் தட்டில் பதியும் முறையை வகுத்து, 1887-இல் அதற்குக் காப்புரிமை கோரினார். அவர் தம் கருவிக்கு இட்ட பெயரே 'கிராமபோன்'. அதனை விற்றுக் கொடுக்கும் பொறுப்பை 1896-இல் பிராங்க் சீமன் என்னும் வணிகர் ஏற்றார். சில ஆண்டுகளில் இருவருக்கும் பிணக்கு முற்றியது. கிராமபோனைப் பெரிதும் ஒத்த 'ஸோனோபோன்' என்னும் கருவியைச் சீமன் தரப்பினர் கடைக்குக் கொண்டு வந்தனர். அதோடு நிற்காமல், பழைய விற்பனை ஒப்பந்தத்தைக் காட்டி 1900-இல் நீதிமன்றத் தடையாணையும் பெற்றனர். பெர்லினர் தம் கருவியைத் தாமே அந்நாட்டில் விற்க முடியாத நிலை உண்டாயிற்று. நிழல் எழுந்து உருவத்தை விரட்டிய கதை இது.

பெர்லினருக்கு இயந்திரம் செய்து கொடுத்து வந்தவர் எல்ட்ரிட்ஜ் ஜான்சன். அவர் 1901-இல் நியூஜெர்சியின் கேம்டன் நகரில் விக்டர் கம்பெனியை நிறுவினார். பெர்லினரின் 1895-ஆம் ஆண்டுக் காப்புரிமை அக்கம்பெனிக்குக் கோட்டைச் சுவராயிற்று. தட்டிலுள்ள வரிப்பள்ளமே ஊசியை உள்நோக்கி இழுத்துச் செல்லும் முறையை அது காத்தது. அதனை எதிர்த்து வழக்காடிய லீட்ஸ் அண்ட் காட்லின் என்னும் ஒலித்தட்டுக் கம்பெனி, உச்ச நீதிமன்றம் வரை சென்று 1909-இல் தோற்றது.

இக்காலத்தில் சிகாகோ நகரில் வேறொரு தந்திரம் தோன்றியது. ஸ்டாண்டர்டு, ஹார்மனி, யுனைடெட், அரெட்டினோ என்னும் பெயர்களில் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. உண்மையில் அவை கொலம்பியா கம்பெனி செய்தவையே. பெயர்ப்பலகை மட்டும் வேறு. கடையில் குறிப்பிட்ட தொகைக்குச் சாமான் வாங்கியவர்க்குப் பெட்டி இனாமாகவும் கிடைத்தது. ஆனால், அந்த இனாமில் ஒரு தூண்டில் இருந்தது. வழக்கமான ஒலித்தட்டின் நடுத்துளை கால் அங்குலத்தைச் சற்றே மிஞ்சும். இப்பெட்டிகளின் நடுமுளையோ தடித்தது. ஹார்மனியில் முக்கால் அங்குலம். யுனைடெட்டில் ஒன்றரை அங்குலம். அரெட்டினோவில் 3 அங்குலம்! பிறர் விற்கும் தட்டு அதில் நுழையாது. இனாம் பெற்ற ஏழை, அதே கம்பெனியின் தட்டுகளை மட்டுமே வாங்கித் தீரவேண்டும்.

1906-இல் விக்டர் கம்பெனி 'விக்ட்ரோலா'வை வெளியிட்டது. வெளியே நீண்டிருந்த குழல் மர அலமாரிக்குள் மறைந்தது. ஓசையைக் கூட்டவும் குறைக்கவும் முன்புறக் கதவுகள் அமைந்தன. அன்று அதன் விலை 200 டாலர். மறு ஆண்டே கொலம்பியா 'கிராபனோலா' என்றது. 1909-இல் எடிசனும் 'ஆம்பரோலா' என்றார். இவர்கள் எல்லோருக்கும் முன்னரே 'பியனோலா' என்னும் தானியங்கிப் பியானோ புகழ் பெற்றிருந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. பெரியவர்களே மாலையை மாற்றி மாற்றி அணிந்துகொண்டபோது சிறியவர்களை மட்டும் பழித்துப் பயன் என்ன?

1912-இல் பெர்லினரின் அந்தக் காப்புரிமை காலாவதியானதும் அணை உடைந்தது. மரச்சாமான் செய்வோர் பலர் இத்தொழிலில் இறங்கினர். ஓரிடத்தில் இயந்திரம், ஓரிடத்தில் ஒலிக்குழாய் என வாங்கி, தம் அலமாரியில் பொருத்தித் தம் பெயரை ஒட்டினர். ஒஹாயோ மாநிலத்துச் செலைனாவில் பிறந்த 'ஹார்ப்பனோலா' அவற்றுள் ஒன்று.

இவற்றைப் போலிகள் என ஒதுக்குவது எளிது. குறைகளும் உண்டு. மலிவான துத்தநாகக் கலவையில் வார்த்த உறுப்புகள் காலப்போக்கில் உப்பி வெடித்து உதிர்கின்றன. எனினும், ஒரு நன்மையை இவை செய்தன. எடிசனின் தட்டில் ஊசி மேலும் கீழும் அசையும். விக்டரின் தட்டில் பக்கவாட்டில் அசையும். ஒருவர் தட்டு மற்றவர் பெட்டியில் முறையாகப் பாடாது. பெயரில்லாச் சிறு கம்பெனிகள் பலவோ, ஒலிமுகத்தைத் திருப்பி வைக்கும் வசதி செய்து, 'எல்லாத் தட்டும் இதில் பாடும்' என விளம்பரம் செய்தன. புகழ் பெற்றோர் அடைத்த கதவைப் பின்பற்றியோர் திறந்தனர் என்க.

1920, 1921-ஆம் ஆண்டுகளின் வணிக மந்தமும், அதன்பின் வந்த வானொலியும் இக்கம்பெனிகளுள் பலவற்றை வாரிக்கொண்டு போயின. மூலவர்களும் தப்பவில்லை. 1929-இல் விக்டர், ஆர்.சி.ஏ. என்னும் வானொலிக் கம்பெனியிடம் சேர்ந்தது. அதே ஆண்டில் எடிசனின் கம்பெனி இசைத்தட்டுத் தொழிலையே விட்டது.

இன்று பழம்பொருள் கடைகளில் பளபளக்கும் பித்தளைக் குழலும் நாய் முத்திரையும் கொண்ட பெட்டிகளைக் காண்கிறோம். அவற்றுள் பல, அண்மைக் காலத்தில் நம் நாட்டில் பழைய உறுப்புகளையும் புதிய குழலையும் சேர்த்துப் பூட்டியவை. முத்திரை மட்டும் பழங்கம்பெனியுடையது. அந்த நாய்ப் படத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. பிரான்சிஸ் பராட் என்னும் ஆங்கில ஓவியர் முதலில் வரைந்தது உருளைக் கருவியின் எதிரே அமர்ந்த நாயை. 1899-இல் லண்டன் கிராமபோன் கம்பெனி அப்படத்தை வாங்கியபோது, அதன் விருப்பப்படி உருளைக் கருவியின் மீது வண்ணம் பூசிக் கிராமபோனை வரைந்து கொடுத்தார்.

ஆகவே, வடிவம் கைமாறுவது உலக வழக்கு. ஹார்ப்பனோலாவைச் செய்தவர் விக்ட்ரோலாவின் சாயலை எடுத்துக்கொண்டார். ஆனால் மூடியில் தம் பெயரையே எழுதினார். வாங்கியவர் தாம் வாங்குவது இன்னது என அறிந்தே வாங்கினார். அரெட்டினோவும் தன் பெயரையே எழுதியது; ஆயினும் வாங்கியவரைக் கட்டிப் போட்டது. இன்றைய போலிப் பெட்டியோ பிறர் பெயரைத் தன் மேல் ஒட்டிக்கொண்டு, இல்லாத வயதுக்கு விலை கேட்கிறது. சாயலைக் கடன் வாங்கலாம். பெயரைக் கடன் வாங்கலாகாது. பழைய பெட்டி ஒன்றை வாங்கப் போவோர் குழலின் பளபளப்பைப் பார்த்து மயங்காமல், இயந்திரத்தைத் திறந்து காட்டும்படி கேட்பது நலம். நேர்மையாக விற்பவர் திறந்து காட்டத் தயங்கமாட்டார்.