ஹாரி குரோ பக்

ஹாரி குரோ பக் (25 நவம்பர் 1884 – 24 ஜூலை 1943) அமெரிக்காவில் பிறந்து சென்னையில் வாழ்ந்து மறைந்த உடற்கல்வி ஆசிரியர்; ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியின் நிறுவனர். ‘இந்திய உடற்கல்வியின் தந்தை’ என்னும் பட்டம் அவருக்கே பொருந்தும்.

பிறந்த ஊர் பென்சில்வேனியா மாநிலத்தின் லிவர்பூல். மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் படித்தார். இந்தப் பள்ளியைச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். 1891-இல் அங்கு ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், பனிக்கால வகுப்புகளுக்காகக் கூடைப்பந்தை உருவாக்கினார். அங்கே பயின்ற வில்லியம் மார்கன், 1895-இல் பக்கத்து ஊரான ஹோலியோக்கில் கைப்பந்தைக் கண்டுபிடித்தார். நம் கிராமத்துப் பள்ளிகளிலும் இன்று ஆடப்படும் இரண்டு ஆட்டங்களுக்கும் வேர் அந்த ஒரே இடத்தில் இருக்கிறது. உடல், அறிவு, ஆன்மா மூன்றும் சேர்ந்து வளர வேண்டும் என்பது அப்பள்ளியின் கொள்கை. பக் அதை உயிர்மூச்சாகக் கொண்டிருந்தார்.

1919-இல் அவர் சென்னை வந்தபோது, பள்ளிகளில் உடற்பயிற்சி என்றாலே ‘டிரில்’தான். பெரும்பாலும் ஓய்வுபெற்ற படைவீரர்களே டிரில் மாஸ்டர்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று கட்டளைக்குக் கைகாலை அசைத்தார்கள். விளையாட்டின் வழியே கற்பிக்கத் தெரிந்த ஆசிரியர்களை முதலில் உருவாக்க வேண்டும் என்று பக் சரியாகவே கணித்தார். 1920-இல் எஸ்பிளனேடு ஒய்.எம்.சி.ஏ.வின் செங்கல் நிறக் கட்டடத்தில், ஐந்தே மாணவர்களுடன் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. பின்னர் அது கல்லூரியாக உயர்ந்து, சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரையின் பரந்த வளாகத்துக்கு இடம்பெயர்ந்தது. அங்கே பயின்றவர்கள் பல மாகாணங்களுக்கும் சென்று பள்ளிகளில் பணியாற்றினர். மனைவி மேரி பக் கல்லூரிப் பணிகளில் உடனிருந்தார்.

1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணிக்கு மேலாளராக பக் உடன் சென்றார். பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த அனுபவமும், தொராப்ஜி டாட்டா, ஒய்.எம்.சி.ஏ.வின் நோரன் ஆகியோரின் உழைப்பும் சேர்ந்து 1927-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைய வழிசெய்தன. விளையாட்டு விதிகளைத் தொகுத்து அவர் எழுதிய நூல் பல பதிப்புகள் கண்டு, தலைமுறை தலைமுறையாக பி.டி. மாஸ்டர்களின் கைநூலாக விளங்கியது.

அவர் தொடங்கிய கல்லூரி, தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் இணைப்புடன், இன்று நந்தனம் எனப்படும் அதே வளாகப் பகுதியில் இயங்கிவருகிறது.