1906க்கு முன் ஒரு 1892: டௌ புரதமும் சொல் இழந்தவர்களும்

பொன்முடிக்கு ஏறும் சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அண்மையில் விதுராவைக் கடந்து ஏறுகையில், உடன்வந்த உயிர்வேதியியல் ஆய்வாளர் ஒருவர், "டௌ புரதமும் இப்படித்தான்; ஒரே சங்கிலி, எங்கே மடிகிறது என்பதைப் பொறுத்து நோய் வேறாகிறது" என்றார். மொழியியல் பயின்றவள் என்ற முறையில், அந்தப் புரதத்தின் வரலாற்றை நாம் தவறான இடத்தில் தொடங்குகிறோம் என்பதே என் எண்ணம்.

வழக்கமான தொடக்கம் 1906. அவ்வாண்டு தூபிங்கன் நகரில் அலாய்ஸ் அல்சைமர், நினைவிழந்து இறந்த ஒரு பெண்ணின் நரம்பணுக்களில் கண்ட இழைமுடிச்சுகளை விவரித்தார். ஆனால் 1892இலேயே பிராக் நகரின் ஆர்னால்ட் பிக், 71 வயது முதியவர் ஒருவரைப் பற்றி எழுதியிருந்தார். முதுமையில் மூளை சுருங்குவதற்கும் மொழியிழப்புக்கும் உள்ள தொடர்பே அக்கட்டுரையின் பொருள். பிக் கண்டது சுருக்கத்தை மட்டுமே. இத்தகைய நோயில் நரம்பணுக்களுக்குள் தோன்றும் உருண்டைத் திரள்களை 1911இல் அல்சைமரே விவரித்தார். நினைவிழப்பும் மொழியிழப்பும் தனித்தனி நோய்களாகவே நெடுங்காலம் பயிலப்பட்டன.

1963இல் மைக்கேல் கிட், இழைமுடிச்சுகள் முறுக்கிய இணை இழைகளால் ஆனவை என்று மின்னணு நுண்ணோக்கி வழியே காட்டினார். அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தில், எர்ணாகுளத்தில் பிறந்த ஜி. என். இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோர் புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடிய இயலும் என்பதை வரைபடமாக்கினர். முன்னது மடிப்பின் விளைவைக் கண்டது. பின்னது மடிப்பின் இலக்கணத்தை வகுத்தது.

1975இல் பிரின்ஸ்டனில் மார்க் கிர்ஷ்னரின் ஆய்வுக்குழு டௌ புரதத்தைக் கண்டறிந்தது. நரம்பணுவின் உட்சட்டகமான நுண்குழாய்கள் உருவாக அது துணைபுரிகிறது. முடிச்சுகளின் மூலப்பொருளும் அதுவே என்பது 1980களில் புலப்பட்டது. 17ஆம் குரோமோசோமில் உள்ள ஒரே மரபணுவிலிருந்து, முதிர்ந்த மனித மூளையில் ஆறு வடிவங்கள் பிறக்கின்றன. நீளம் 352 முதல் 441 அமினோ அமிலங்கள் வரை. நுண்குழாயைப் பற்றும் பகுதி சிலவற்றில் மூன்று முறையும், சிலவற்றில் நான்கு முறையும் வரும். பிக் நோயின் திரள்களில் மூன்றுமுறை வடிவங்களே மிகுதி. அல்சைமரில் இரண்டும் கலந்திருக்கும். பிரிந்து கிடந்த இரு வரலாறுகளும் ஒரே புரதத்தில் இணைந்தன.

எனினும் டௌ நோயின் காரணமா, வெறும் எச்சமா என்ற ஐயம் நீடித்தது. 1998இல் குடும்பவழி வரும் ஒருவகை மறதி நோயில் டௌ மரபணுவின் பிறழ்வுகள் கண்டறியப்பட்டன. அவற்றுள் ஒன்றில், 301ஆம் இடத்துப் புரோலின் லூசினாக மாறுகிறது. புரோலினின் வளையம் சங்கிலியின் சுழற்சியைக் கட்டுப்படுத்துவது. தாள் போன்ற அடுக்கில் எளிதில் அமையாதது. அக்காவல் நீங்கினால் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிவது எளிதாகிறது. டௌவின் குறை மட்டுமே நரம்பணுவை அழிக்கப் போதும் என்பது அன்று உறுதியாயிற்று. 2017, 2018 ஆண்டுகளில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் உறைநிலை மின்னணு நுண்ணோக்கியால், அல்சைமர் இழையின் மடிப்பும் பிக் இழையின் மடிப்பும் வெவ்வேறானவை என்று அணு அளவில் காட்டினர்.

இந்த வரலாறு நம் ஊருக்கு ஏன் தேவை? நாம் இந்நோய்களை எல்லாம் "மறதி நோய்" என்று அழைக்கிறோம். என் பாட்டி தாம்பாளத்தை "அந்த வட்டம்" என்றபோது வீட்டில் சிரித்தோம். பேரன் பேத்தியின் பிறந்தநாள்கள்கூட நினைவில் இருந்ததால் நோயென்று எண்ணவில்லை. மருத்துவரிடம் சென்றபோது இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. அந்தப் பெயர் எங்களை மறதிக்காகக் காத்திருக்க வைத்தது.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் பி. எஸ். மதுரநாத் குழுவினர், ஆங்கில அறிதிறன் சோதனை ஒன்றை மலையாளம் பேசுவோருக்கேற்ப மாற்றி 2004இல் வெளியிட்டனர். மொழிபெயர்ப்பால் மட்டும் முடியும் பணியன்று அது. ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களைக் கூறுக என்னும் எளிய வினாவைக்கூட, உயிர்மெய் எழுத்துகள் கொண்ட மொழியில் மறுசிந்தனையின்றி வைக்க இயலாது. இங்கே மொழியியல் மாணவர்களுக்கு வேலை இருக்கிறது. முதற்படியாக, நம் பாடங்களில் 1906க்கு முன் 1892ஐயும் எழுதுவோம்.