என் கம்ப்யூட்டர்ல ஓடுதே! - ஒரு பழைய வசனத்தின் வரலாறு

கம்ப்யூட்டர் லேபில் அதிகம் கேட்கும் வசனம் எது? "என் கம்ப்யூட்டர்ல ஓடுதே!" என்பதுதான். நெம்மேலியிலும் இதே வசனம், சான் ஃபிரான்சிஸ்கோவிலும் இதே வசனம் :-)

சாதாரண புரோகிராமுக்கு இது சின்னத் தலைவலி. பிளாக்செயினில் அப்படி இல்லை. ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்டை ஏற்றிவிட்டால் அந்தக் கோடை அழித்து எழுத முடியாது. ஊரார் பணமும் அதற்குள்ளேயே இருக்கும். அதனால் "யார், எந்த மெஷினில் செய்தாலும் அதே விளைவு வரவேண்டும்" என்பது அங்கே பிழைப்புப் பிரச்சினை. இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். கொஞ்சம் சுவாரஸ்யமான கதைதான்.

கதை பிளாக்செயினுக்கு முன்பே தொடங்குகிறது. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்ஸனின் டூரிங் விருது உரை 1984-இல் அச்சில் வந்தது. அதில் அவர் ஒரு குண்டைப் போட்டார். மூலநிரலில் ஒரு தப்பும் இருக்காது. ஆனால் அதை மொழிமாற்றும் கம்பைலரே திருட்டு வாசலைச் சேர்த்துவிடும். அந்தக் கம்பைலரின் சுத்தமான மூலநிரலை எடுத்துப் புதிதாகச் செய்தாலும், பழைய கம்பைலர் புதியதற்குள்ளும் அதே திருட்டைப் புகுத்திவிடும். அதாவது, கோடைப் படித்துப் பார்த்தால் மட்டும் போதாது. அது எதனால் செய்யப்பட்டது என்பதும் தெரிய வேண்டும்.

நம் ஊர்ச் செப்பேடுகளை நினைத்துப் பாருங்கள். ஏடுகளை வளையத்தில் கோத்து, மேலே அரசனின் முத்திரை வைப்பார்கள். முத்திரை "யார் கொடுத்தது" என்று சொல்லும். உள்ளே வெட்டிய எழுத்து அரசன் சொன்னதுதானா என்று சொல்லாது. டிஜிட்டல் கையொப்பமும் அப்படித்தான். கோடுக்கும் பைனரிக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதற்கு அது சாட்சி இல்லை.

அந்த இடைவெளியை அடைக்க முதலில் பெரிய அளவில் முயன்றவர்களில் பிட்காயின்காரர்கள் முக்கியமானவர்கள். 2009-இல் பிட்காயின் ஓடத் தொடங்கியது. டவுன்லோட் செய்யும் பைனரியில் ஒருவர் விஷம் வைத்தால் எல்லாருடைய காசும் போய்விடும். 2011 வாக்கில் கிட்டியன் என்ற முறை வந்தது. பல டெவலப்பர்கள் அவரவர் வீட்டில், ஒரே மாதிரி அமைத்த உபுண்டு மெய்நிகர் கணினிக்குள் ஒரே கோடை பில்ட் செய்வார்கள். கடிகார நேரம்கூடப் பொய்யாக ஒரே நேரத்தில் நிறுத்தப்படும். ஏனென்றால் பைனரிக்குள் தேதி நுழைந்தாலே ஹாஷ் மாறிவிடும். எல்லாருடைய ஹாஷும் ஒன்றாக வந்தால்தான் கையொப்பம். ஒருவரை நம்புவதற்குப் பதிலாகப் பலரை ஒப்பிட்டுப் பார்ப்பது!

2013-இல் டோர் பிரவுசர் இதே வழிக்கு வந்தது. அதே ஆண்டு டெபியனும் இந்த வேலையைக் கையில் எடுத்தது. டாக்கர் வெளியானதும் 2013-இல்தான். ஆனால் டாக்கரை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது சூழலைப் பெட்டியில் கட்டித் தரும். பெட்டியைத் திரும்பச் செய்தால் அதே பெட்டி வரும் என்று உறுதி தராது. இன்று "லேட்டஸ்ட்" என்று எடுப்பதும் ஆறு மாதம் கழித்து "லேட்டஸ்ட்" என்று எடுப்பதும் வேறுவேறு. இந்த உறுதியைத் தேடியவர் நெதர்லாந்தின் ஈல்கோ டோல்ஸ்ட்ரா. நிக்ஸ் பற்றிய அவருடைய முனைவர் ஆய்வேடு 2006-இல் வந்தது. அதே சிந்தனையில் 2012-இல் கீக்ஸ் பிறந்தது. 2021-இல் பிட்காயின் கோர் 22.0 கிட்டியனை விட்டு கீக்ஸுக்கு மாறியது. காரணம், கிட்டியனில் உபுண்டு தரும் பைனரிகளை அப்படியே நம்ப வேண்டியிருந்தது. பாருங்கள், தாம்ப்ஸன் கேட்ட கேள்வி 37 வருடம் கழித்தும் விடவில்லை.

2015-இல் எத்தீரியம் வந்தபோது பிரச்சினை நம்மைப் போன்ற சாதாரண புரோகிராமர்களிடமே வந்து சேர்ந்தது. சாலிடிட்டி கம்பைலரின் பதிப்பு ஒரு புள்ளி மாறினாலும் பைட்கோடு மாறலாம். அதனால்தான் கம்பைலர் பதிப்பு, அமைப்புகள், மூலநிரலின் ஹாஷ் எல்லாம் கொண்ட ஒரு குறிப்பின் ஹாஷை, கம்பைலரே பைட்கோடின் வாலில் ஒட்டிவிடுகிறது. யார் வேண்டுமானாலும் திரும்ப கம்பைல் செய்து சரிபார்க்கலாம்.

பதிப்பு எண் எவ்வளவு முக்கியம் என்பதை 2023 ஜூலை 30 காட்டியது. வைப்பர் மொழியின் 0.2.15, 0.2.16, 0.3.0 ஆகிய மூன்று பதிப்புகளில் ஒரு பாதுகாப்புப் பூட்டு சரியாக வேலை செய்யவில்லை. கோடு எழுதியவர்கள் பூட்டுப் போட்டுத்தான் இருந்தார்கள். கம்பைலர் பூட்டவில்லை! கர்வ் தளத்தின் சில நிதித் தொகுப்புகளிலிருந்து கோடிக்கணக்கான டாலர் போனது. எந்தக் கான்ட்ராக்ட் எந்தப் பதிப்பில் செய்தது என்ற பதிவு இருந்ததால்தான் யாருக்கு ஆபத்து என்று தேட முடிந்தது. 2018-இல் நடந்தது வேறு வகை. நோட் உலகில் பலர் பயன்படுத்திய ஈவென்ட்-ஸ்ட்ரீம் தொகுப்புக்குள், கோபே வாலட்டைக் குறிவைத்து யாரோ திருட்டுக் கோடை நுழைத்தார்கள்.

நம் பக்கம் என்ன நடக்கிறது? 2020 செப்டம்பரில் தமிழக அரசு பிளாக்செயின் கொள்கை வெளியிட்டது. மாநிலத்தின் பிளாக்செயின் கட்டமைப்புக்கு வைத்த பெயர் "நம்பிக்கை இணையம்". 2024 செப்டம்பரில் மத்திய அரசு "விஷ்வஸ்யா" தொகுப்பை அறிமுகம் செய்தது. அதோடு மாணவர்களும் ஸ்டார்ட்-அப்களும் சோதித்துப் பார்க்க என்பிஎஃப்லைட் என்ற விளையாட்டுக் களமும் வந்தது. இதை உருவாக்கிய நிறுவனங்களில் நம் தரமணியில் இருக்கும் செட்ஸும் ஒன்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரம்தான்!

சரி, நாம் என்ன செய்யலாம்? கம்பைலர் பதிப்பை "இதற்கு மேல்" என்று எழுதாமல், இதுதான் என்று எழுதுங்கள். லாக் ஃபைலையும் கோடோடு சேர்த்து வையுங்கள். டாக்கர் இமேஜைப் பெயரால் எடுக்காமல் ஹாஷால் எடுங்கள். பொதுச் சோதனை வலையை மட்டும் நம்பாதீர்கள். ராப்ஸ்டன், ரிங்க்பி, கோர்லி எல்லாம் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவிட்டன. 2023-இல் ட்ரஃபிளுக்கும் விடை கொடுத்துவிட்டார்கள். பழைய பாடங்களைப் பார்த்து அப்படியே செய்தால் ஓடாததற்குக் காரணம் நம் முட்டாள்தனம் இல்லை :-) உங்கள் மெஷினிலேயே ஒரு சோதனைச் செயினை ஓட விடுங்கள். டேட்டா பேக்கும் மிச்சம்.

கடைசியாக ஒன்று. பிளாக்செயின் என்றால் யாரையும் நம்பத் தேவையில்லை என்று விளம்பரம் செய்கிறார்கள். இந்த வரலாறு வேறு சொல்கிறது. செயினை நம்பத் தேவையில்லாமல் இருக்கலாம். கம்பைலரை, தொகுப்பை, டவுன்லோடை நம்பித்தான் ஆகிறோம். அந்த நம்பிக்கையைச் சரிபார்க்க இருக்கும் ஒரே வழி, இன்னொருவர் இன்னொரு மெஷினில் அதையே திரும்பச் செய்து பார்ப்பது. அந்த இன்னொருவர் நெம்மேலியில் பழைய லேப்டாப் வைத்திருக்கும் மாணவராகவும் இருக்கலாம். ஹாஷ் எல்லாருக்கும் ஒன்றுதானே!

மீண்டும் சந்திப்போம்.